பெரிய மோட்டார்ஹோமில் அதிர்வு: எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

பழைய மோட்டார்ஹோம் (படுக்கை, சமையலறையோடு வீடாகவே கட்டிய வண்டி) ஒன்றை வாங்கி முதன்முறையாக ஹைவேயில் ஏற்றுகிறீர்கள். 50 மைல் வேகம் வரை அமைதியாக வந்த வண்டி 60ஐத் தொட்டதும் தரை நடுங்குகிறது, பின்னால் அலமாரிக்குள் பாத்திரங்கள் கடகடக்கின்றன. அமெரிக்காவிலும் கனடாவிலும் 35, 40 அடி வண்டி வாங்கும் புதியவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதுதான். ஆளுக்கொரு காரணமும் சொல்வார்கள். டயர்க்கடைக்காரர் டயரை மாற்றச் சொல்வார், லாரி மெக்கானிக் கிராஸ் (ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பு) போய்விட்டது என்பார், இன்னொருவர் கியர்பாக்ஸையே சந்தேகிப்பார். மூவர் சொல்வதையும் வரிசையாகச் செய்தால் சில ஆயிரம் டாலர் கரைந்துவிடும். அதன் பிறகும் அதிர்வு அப்படியே இருக்கலாம்.

எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும்: இந்த அதிர்வு எதைப் பின்தொடர்கிறது? வண்டியின் வேகத்தையா, எஞ்சினின் சுழற்சியையா, அல்லது ஆக்ஸிலரேட்டரில் நீங்கள் கொடுக்கும் அழுத்தத்தையா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் சந்தேகப்பட வேண்டிய பாகங்களில் பாதிக்கு மேல் கழிந்துபோகும். இந்தச் சோதனைக்கு ஒர்க்ஷாப் வேண்டாம். நல்ல ரோடும், ஒரு நோட்டுப் புத்தகமும், பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குறிப்பெடுக்க ஓர் ஆளும் போதும்.

முதலில் வண்டியின் அடியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பெரிய மோட்டார்ஹோம்களில் இரண்டு ஜாதி. பெட்ரோல் வண்டிகளில் எஞ்சின் முன்னால் இருக்கும். இன்று ஓடுபவற்றில் பெரும்பாலானவை ஃபோர்டு எஃப்-53 சேசிஸ், அதாவது அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை. இந்தச் சேசிஸில் முன், பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட நீளம் 252 அங்குலம் வரை போகிறது. கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது ஷாஃப்ட். அவ்வளவு தூரத்துக்கு ஒரே குழாயை ஷாஃப்டாகப் போட்டால், குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் அது நடுவில் வளைந்து சுழலத் தொடங்கிவிடும். அதனால் ஷாஃப்டைப் பல துண்டுகளாக்கி, இடையிடையே சென்டர் பேரிங் வைத்துத் தொங்கவிடுகிறார்கள். துண்டு கூடும்போது கிராஸும் கூடும், பேரிங்கும் கூடும், தேய்வதற்கான இடங்களும் கூடும்.

டீசல் வண்டிகளில் பெரும்பாலும் எஞ்சின் பின்னால் இருக்கும். ஃப்ரெய்ட்லைனர் எக்ஸ்சி, ஸ்பார்ட்டன் சேசிஸ்கள் இந்த வகை. கம்மின்ஸ் எஞ்சினும் ஆலிசன் கியர்பாக்ஸும் சேர்ந்து பின்னால் உட்கார்ந்திருக்க, அங்கிருந்து பின் அச்சுக்கு மிகக் குட்டையான ஒரே ஷாஃப்ட்தான் போகும். சென்டர் பேரிங் தொல்லை இதில் இல்லை. ஆனால் ஷாஃப்ட் குட்டையாக இருப்பதால், பின்பக்கம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் கோணம் பெரிதாக மாறிவிடும்.

ரோட்டுக்குப் போகும் முன்

டயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும், அதைக் கழித்த பிறகுதான் மற்றவை. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 3517 என்றால் 2017ஆம் ஆண்டின் 35ஆவது வாரம். 5 ஆண்டு பயன்பாட்டுக்குப் பின் ஆண்டுக்கொரு முறை டயரைப் பரிசோதிக்கச் சொல்கிறது மிஷெலின், 10 ஆண்டைத் தாண்டினால் தரையைத் தொடும் பட்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடச் சொல்கிறது. மோட்டார்ஹோம் டயர்கள் தேய்ந்து போவதைவிட வயதாகிப் போவதே அதிகம். குளிர்காலம் முழுவதும் ஒரே இடத்தில் நின்ற வண்டியின் டயர் தரை பட்ட இடத்தில் தட்டையாகியிருக்கும். கிளம்பியதும் உதறி, டயர் சூடேறச் சூடேறக் குறைந்தால் அது இதுதான். அதனால் அரை மணி நேரமாவது ஓட்டிய பிறகே சோதனையைத் தொடங்குங்கள்.

காற்றழுத்தத்தை வண்டியின் உண்மையான எடைக்கு ஏற்ப வையுங்கள். டிரக் ஸ்டாப்களில் இருக்கும் கேட் (CAT) ஸ்கேல் என்ற எடைமேடையில் ஒருமுறை ஏற்றினால் ஒவ்வொரு அச்சின் எடையும் சீட்டில் வந்துவிடும். டயர் கம்பெனியின் அட்டவணையில் அந்த எடைக்கு எதிரே உள்ள அழுத்தம்தான் உங்களுடையது. பின்னால் கார் கட்டி இழுப்பவர் என்றால், சோதனையின்போது அதைக் கழற்றிவிடுங்கள். எக்ஸாஸ்ட் பிரேக்கையும் குரூஸ் கண்ட்ரோலையும் நிறுத்திவிடுங்கள்.

ரோட்டில் செய்யும் சோதனை

சமமான, கூட்டமில்லாத ரோட்டைத் தேர்ந்தெடுங்கள். போவதும் திரும்புவதும் ஒரே ரோடாக இருக்கட்டும், ரோட்டின் குறை எது, வண்டியின் குறை எது என்று அப்போதுதான் பிரியும். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள். 30 மைலில் தொடங்கி ஐந்தைந்தாக ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் நிலையாக ஓட்டுங்கள். வேகம், எஞ்சின் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று), கியர், அதிர்வு எங்கே தெரிகிறது, எவ்வளவு என்று பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். ஸ்டியரிங் ஆடினால் சந்தேகம் முன் சக்கரங்கள்மேல். சீட்டும் தரையும் நடுங்கினால் பின்பக்கத்தின்மேல். பின்பக்க அதிர்வைப் பார்க்க ஆளைப் படுக்கையறைக்கு அனுப்பாதீர்கள், ஓடும் வண்டியில் எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார வேண்டும். ஒரு போனை அங்கே தரையோடு ஒட்டிப் பதிவு செய்ய விட்டால் போதும்.

அதிர்வு உச்சத்தில் இருக்கும் வேகம் தெரிந்ததும் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான சோதனைக்கு வருகிறோம். அதே வேகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு கியர் கீழே இறக்குங்கள். ஆலிசனில் கீழ்நோக்கிய அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் 6லிருந்து 5க்கு வந்துவிடும். இப்போது வண்டியின் வேகம் மாறவில்லை, எஞ்சினின் வேகம் ஏறியிருக்கிறது. அதிர்வு அப்படியே தொடர்ந்தால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால், அதாவது ஷாஃப்ட், பின் அச்சின் ஹவுசிங், பிரேக் டிரம், சக்கரம், டயர் இவற்றில் ஒன்றிலிருந்து வருகிறது. அதிர்வு மறைந்தாலோ தன்மை மாறினாலோ எஞ்சின் பக்கம் தேட வேண்டும்.

அடுத்து, அதே வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மெதுவாக விட்டுப் பாருங்கள், பிறகு மெதுவாக மிதித்துப் பாருங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி இருந்தால் பேலன்ஸ் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். மிதிக்கும்போது மட்டும் வந்தால் ஷாஃப்டின் கோணம், தேய்ந்த கிராஸ், சென்டர் பேரிங்கின் ரப்பர், அச்சைப் பிடித்திருக்கும் டார்க் ராட் புஷ் ஆகியவை. விடும்போது மட்டும் ஊளை போன்ற ஒலியோடு வந்தால் பின் அச்சுக்குள் ஷாஃப்டோடு சேரும் பல்சக்கரங்களான கிரவுன் பினியனும் அதன் பேரிங்கும். நின்ற இடத்திலிருந்து கிளம்பி 20, 25 மைல் வரும் வரை மட்டும் உதறி, பிறகு அடங்கிவிடுவது பல துண்டு ஷாஃப்ட் உள்ள வண்டிகளில் தனி வகை. சென்டர் பேரிங்கையும் ஷாஃப்ட் கோணத்தையும் அங்கே முதலில் பாருங்கள்.

ஹைவே வேகத்தில் நியூட்ரலில் போட்டுப் பார்க்கச் சொல்லும் யோசனையை நீங்கள் கேள்விப்படக்கூடும். நான் அதைச் சொல்லமாட்டேன். நியூட்ரலில் உருட்டினால் எஞ்சின் பிடிப்பு இருக்காது, கட்டுப்பாடு போகலாம், கியர்பாக்ஸுக்கும் கடும் சேதம் வரலாம் என்று ஆலிசன் கையேடே எச்சரிக்கிறது. கியர் இறக்கும் சோதனையே அந்த விடையைத் தந்துவிடும்.

கடைசியாக வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை மட்டும் மெதுவாக ஏற்றுங்கள். ஓடும்போது அதிர்ந்த அதே ஆர்பிஎம்மில் இப்போதும் அதிர்ந்தால் ஷாஃப்டுக்கு அதில் பங்கில்லை.

கொஞ்சம் கணக்கு

இந்தக் கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும்தான். மணிக்கு 60 மைல் என்றால் நிமிடத்துக்கு ஒரு மைல். ஆகவே ஒரு மைலுக்கு டயர் எத்தனை முறை சுற்றுகிறதோ, 60 மைல் வேகத்தில் அதுவேதான் அதன் ஆர்பிஎம். இந்த எண்ணை டயர் கம்பெனியே அட்டவணையில் கொடுத்திருக்கும்.

டீசல் வண்டிகளில் அடிக்கடி காணப்படும் 275/70ஆர்22.5 டயரை எடுத்துக்கொள்வோம். மைலுக்குச் சுமார் 550 சுற்று. 60ஆல் வகுத்தால் விநாடிக்கு 9 சுற்றுக்குச் சற்று மேல். பின் அச்சின் விகிதம் 4.30 என்றால் ஷாஃப்ட் 550ஐ 4.30ஆல் பெருக்கிய அளவு, அதாவது 2,365 ஆர்பிஎம்மில் சுற்றும், விநாடிக்கு 39 முறை. கிராஸ் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகத்தைக் கூட்டிக் குறைப்பதால், கோணக் கோளாறு இதைப்போல் இரு மடங்காக, விநாடிக்கு 79 முறையாகத் தெரியும். எஃப்-53இல் 235/80ஆர்22.5 டயரும் 5.38 விகிதமும் இருந்தால் அதே 60 மைலில் ஷாஃப்ட் கிட்டத்தட்ட 3,000 ஆர்பிஎம்மைத் தொடும், விநாடிக்கு 50 முறை. இவ்வளவு வேகமாகச் சுற்றும் நீண்ட ஷாஃப்டில் சிறிய குறையும் பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆக அந்த டீசல் வண்டியில் 60 மைலில் விநாடிக்கு 9 என்றால் டயர், சக்கரம், டிரம். 39 என்றால் ஷாஃப்டின் பேலன்ஸ். 79 என்றால் கோணம் அல்லது கிராஸ். கருவியே இல்லாமலும் ஓரளவு பிரித்தறியலாம்: டயரின் அதிர்வைத் தனித்தனிக் குலுக்கல்களாக உடம்பு உணரும், ஷாஃப்டின் அதிர்வு தொடர்ச்சியான ரீங்காரமாகப் பாதத்திலும் சீட்டிலும் ஏறும். துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால் ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ஃபைஃபாக்ஸ் என்ற இலவச ஆப்பில் முடுக்க அலைவரிசையைக் காட்டும் பகுதி இருக்கிறது. போனைக் கையில் பிடிக்காமல் சீட்டின் இரும்புச் சட்டத்திலோ தரையிலோ ஒட்டி வையுங்கள். போனின் எல்லையையும் கவனிக்க வேண்டும். விநாடிக்கு 100 முறை மட்டுமே அளக்கும் போன் 50க்கு மேற்பட்ட எதையும் சரியாகக் காட்டாது. 79 என்பது அதில் 21 என்ற பொய்யான இடத்தில் தோன்றக்கூடும்.

எஞ்சினையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பார்த்தால்தான் கியர் இறக்கும் சோதனையின் அருமை புரியும். ஆலிசன் 3000 கியர்பாக்ஸில் 6ஆவது கியரின் விகிதம் 0.65. ஷாஃப்ட் 2,365இல் சுற்றும்போது எஞ்சின் சுமார் 1,540 ஆர்பிஎம்மில் ஓடும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு, ஆக விநாடிக்கு 77. கிராஸின் 79க்கும் எஞ்சினின் 77க்கும் உள்ள வித்தியாசத்தை யார் உடம்பும் பிரித்துச் சொல்லாது. 5ஆவது கியருக்கு இறக்கினால் விகிதம் 0.75, எஞ்சின் 1,770ஐ ஒட்டி ஏறும், வெடிப்பு விநாடிக்கு 89 ஆகிவிடும். கிராஸ் மட்டும் 79இலேயே நிற்கும். இரண்டும் பிரிந்துவிட்டன.

அடியில் போகும் முன்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். மோட்டார்ஹோமைச் சமப்படுத்தும் லெவலிங் ஜாக்குகளை நம்பி ஒருபோதும் அடியில் போகக் கூடாது. ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் காற்று இறங்கினால் பல டன் எடையுள்ள உடல் சட்டென்று தாழும், படுத்திருப்பவருக்கு நகர நேரமிருக்காது. சேசிஸ் சட்டத்துக்கு அடியில் தகுந்த ஸ்டாண்டுகள் நிறுத்தாமல் தலையைக்கூட நீட்டாதீர்கள்.

பார்க்கிங் பிரேக் விஷயமும் பலருக்குத் தெரியாது. எஃப்-53, ஒர்க்ஹார்ஸ் சேசிஸ்கள் பலவற்றில் அது பின் சக்கரங்களில் இல்லை. கியர்பாக்ஸின் பின்முனையில் ஷாஃப்டைப் பிடிக்கும் டிரம்மாக இருக்கிறது. ஷாஃப்டைக் கழற்றினால் பிரேக்கும் போய்விடும். ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினாலும் டிஃபரன்ஷியல் வழியாக மறு சக்கரம் உருளலாம். எனவே முன்னும் பின்னும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தொடங்குங்கள். டயரைத் தூக்கி வைத்து எஞ்சினை ஓட்டி, ஷாஃப்டில் ஹோஸ் கிளாம்ப் கட்டிப் பேலன்ஸ் பார்க்கும் முறையைச் சிறிய கார்களுக்குச் செய்வார்கள். இவ்வளவு பெரிய வண்டியில் அதை வீட்டில் செய்ய வேண்டாம்.

ஷாஃப்டைப் பார்ப்பது

டார்ச் அடித்துக் குழாயை முழு நீளத்துக்கும் பாருங்கள். நசுங்கல் இருக்கிறதா, காய்ந்த சேறோ தாரோ ஒரு பக்கம் அப்பியிருக்கிறதா? வெல்டு செய்த சிறிய பேலன்ஸ் தகடு விழுந்த இடத்தில் சதுரமாகச் சுத்தமான தடம் தெரியும். கிராஸின் கப்புகளைச் சுற்றிச் செங்கல் பொடி போன்ற துரு இருந்தால் உள்ளே ஊசி பேரிங் கிரீஸ் இல்லாமல் அரைபட்டுக்கொண்டிருக்கிறது, அந்தக் கிராஸை மாற்றியே ஆக வேண்டும். கட்டை கொடுத்த வண்டியில் ஷாஃப்டை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசைத்தும் திருகியும் பாருங்கள், கிராஸில் கைக்குத் தெரியும் ஆட்டம் எதுவும் இருக்கக் கூடாது. கிரீஸ் அடிக்கும்போது நான்கு கப்புகளிலிருந்தும் புது கிரீஸ் எட்டிப் பார்க்க வேண்டும். மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்று சாகப் போகிறது.

சென்டர் பேரிங்கில் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பேரிங் ஒரு பக்கமாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். ஷாஃப்டைக் கழற்றுவதாக இருந்தால் ஒவ்வொரு இணைப்பிலும் பெயின்டால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நீள அகலத்துக்கு இடம் கொடுத்து உள்ளே வெளியே நழுவும் ஸ்லிப் பகுதியை ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் கிராஸைப் பிடிக்கும் இரு முனை யோக்குகளும் ஒரே வரிசையில் நிற்காது. அதற்கு முன் இல்லாத அதிர்வு அப்போது புதிதாக வந்து சேரும்.

கோணமும் உயரமும்

டயர் மாற்றி, ஷாஃப்ட் பேலன்ஸ் செய்து, கிராஸ் மாற்றிய பிறகும் தீராத அதிர்வுகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான் என்பது என் கருத்து. கிராஸ் போட்ட ஜாயின்ட் சாய்வாகச் சுழலும்போது மறுமுனையின் வேகம் சீராக இருப்பதில்லை. ஒரு முனையில் உண்டாகும் ஏற்ற இறக்கத்தை அடுத்த முனை அதே அளவு எதிர்க் கோணத்தால் சமன் செய்ய வேண்டும். பொதுவான நடைமுறை இது: ஒவ்வொரு ஜாயின்ட்டின் கோணமும் 3 டிகிரிக்குள், இரு முனைகளின் வித்தியாசம் 1 டிகிரிக்குள். கோணமே இல்லாமல் நேராக இருப்பதும் கெடுதல், ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் குத்தித் தடம் போட்டுவிடும். ஒரு டிகிரியாவது வேண்டும்.

காந்தம் வைத்த டிஜிட்டல் கோணமானி மலிவாகவே கிடைக்கிறது. கியர்பாக்ஸ் முனை, ஷாஃப்ட், பினியன் மூன்றின் சாய்வையும் ஒரே பக்கம் நின்று அளந்து எழுதுங்கள். கியர்பாக்ஸ் 3.0, ஷாஃப்ட் 6.0, பினியன் 3.2, மூன்றும் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் ஜாயின்ட் கோணங்கள் 3.0, 2.8. வித்தியாசம் 0.2தான், நல்ல நிலை.

ஏர் சஸ்பென்ஷன் வண்டியில் இந்த அளவுக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால், சமதளத்தில் ஜாக்குகள் மேலே ஏறி, காற்று நிரம்பி, வண்டி ரைடு ஹைட்டில் நிற்க வேண்டும். அந்த உயரம் சேசிஸ் கையேட்டில் இருக்கும். முதலில் அதையே அளந்து பாருங்கள். உயரத்தைக் கட்டுப்படுத்தும் வால்வின் கம்பி வளைந்தோ இடம் மாறியோ இருந்தால் பின்பக்கம் ஒரு அங்குலம் தாழ்ந்தோ உயர்ந்தோ ஓடிக்கொண்டிருக்கும். 30 அங்குல ஷாஃப்டின் ஒரு முனை ஒரு அங்குலம் நகர்ந்தால் கோணம் கிட்டத்தட்ட 1.9 டிகிரி மாறுகிறது. 60 அங்குல ஷாஃப்டில் இதில் பாதிதான். இரு முனைகளும் சேர்ந்தே மாறுவதால் வித்தியாசம் காகிதத்தில் சரியாகத் தெரியலாம். ஆனாலும் நடுவிலுள்ள ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறைந்துகொண்டே இருக்கும், அந்த உதறல் தரைக்கு வரும். பல நேரங்களில் வால்வின் கம்பியைச் சரிசெய்வதோடு வேலை முடிகிறது.

எஞ்சின் பக்கம் என்று தெரிந்தால்

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். ஃபோர்டின் வி10 எஞ்சினில் இக்னிஷன் காயில் ஒன்று பலவீனமானால் மேட்டில் ஏறும்போது வண்டி மொத்தமும் உதறும், பலரும் அதை ஷாஃப்ட் என்றே நினைக்கிறார்கள். ஸ்கேனரில் பி0301 முதல் பி0310 வரையுள்ள பழுதுக் குறியீடு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள், கடைசி இலக்கங்கள் சிலிண்டரின் எண். லேசாக மிதித்து 40, 50 மைலில் போகும்போது ரோட்டோர எச்சரிக்கைப் பட்டை மேல் ஓடுவது போன்ற நடுக்கம் வந்தால், ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல் இடது காலால் பிரேக்கை மெல்லத் தொடுங்கள். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரின் லாக்அப் (நேரடிப் பூட்டு) விலகி நடுக்கம் உடனே நின்றால் கியர்பாக்ஸ் எண்ணெயிலிருந்து தொடங்குங்கள். டீசல் வண்டியில் ஹைட்ராலிக்கில் ஓடும் ரேடியேட்டர் ஃபேன் இருந்தால், அதன் இறக்கை உடைவதால் வரும் அதிர்வு வண்டியின் வேகத்தையும் பின்பற்றாது, ஆர்பிஎம்மையும் சரியாகப் பின்பற்றாது. எஞ்சின் சூடாகும்போது வந்து போகும்.

ஒர்க்ஷாப்பில்

ஷாஃப்ட் என்று முடிவானால் பொதுவான ஆர்வி சர்வீஸைவிட லாரி ஷாஃப்ட்களை மட்டுமே செய்யும் டிரைவ்லைன் கடையை நான் பரிந்துரைப்பேன். குழாயின் வளைவை அளந்து, எல்லாத் துண்டுகளையும் சேர்த்துச் சுழற்றிப் பேலன்ஸ் செய்யும் இயந்திரம் அங்கே இருக்கும். "அதிர்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "58 மைலில் தொடங்குகிறது, 62இல் உச்சம், கியர் இறக்கினாலும் மாறவில்லை, மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி, விநாடிக்கு 41" என்று நோட்டைக் காட்டுங்கள். வேலையை எங்கிருந்து தொடங்குவது என்று கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

அதிர்வோடு அடியிலிருந்து டங் டங் என்று அடிக்கும் ஒலியும் கேட்டால் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். கிராஸ் உடைந்து ஷாஃப்ட் கழன்றால் அருகிலுள்ள காற்றுக் குழாய்களையும் எண்ணெய்க் குழாய்களையும் அது அறுத்துவிடும். ஓரங்கட்டி டோவிங் வண்டியைக் கூப்பிடுங்கள். இழுக்கும் முன் ஷாஃப்டையோ அச்சுத் தண்டுகளையோ கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் எண்ணெய் ஓட்டமில்லாமல் கியர்பாக்ஸ் உள்ளே அரைபடும்.

வேலை முடிந்து வந்ததும் அதே ரோட்டில், அதே டயர் அழுத்தத்தில், அதே வேகங்களில் மறுபடி ஓட்டிப் பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதியவற்றை எழுதுங்கள். சக்கரம் கழற்றப்பட்டிருந்தால் 50 முதல் 100 மைலுக்குள் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி முறுக்க வேண்டும். ஹப்பில் உட்காரும் வகை 22.5 அங்குலச் சக்கரங்களின் எம்22 நட்டுகளுக்கு அந்த அளவு 450 முதல் 500 அடி-பவுண்டு.